ராஜபாளையத்தில் எனக்கு விசில் கிடையாது

பேட்டி எடுக்க வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு பாடகிக்கு முக்கியமாக என்ன வேண்டும்? குரல், பயிற்சி, கடவுள் அருள் என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொல்வேன். அதெல்லாம் சும்மா. விசில் வேண்டும். கைத்தட்டலை நான் நம்புவதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் மணிக்கணக்காகப் பேசி உயிரை எடுத்தவருக்கும் நாம் தட்டியிருக்கிறோம், ஒருவழியாக முடித்தாரே என்று. மரியாதைக்குத் தட்டலாம், பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறார் என்று தட்டலாம், பயந்துகொண்டும் தட்டலாம். விசில் மட்டும் பயத்தில் வராது. பயந்தவனுக்கு வாய் உலர்ந்துவிடும். உலர்ந்த வாயில் வெறும் காற்றுதான் வரும்.

மதுரையில் எனக்கு விசில் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூரில், துபாயில் கிடைத்திருக்கிறது. கோலாலம்பூரில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று அடித்தார், அவர் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்து இறக்கினாள். பிறந்து வளர்ந்த ராஜபாளையத்தில் மட்டும் ஒரு விசில் கிடையாது. பேருக்குக்கூடக் கிடையாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், ஊர்க்காரர்களுக்கு ரசனை போதாது என்று நினைப்பார்கள். ரசனையெல்லாம் நிறையவே உண்டு. காரணம் என் குடும்பம்.

எங்கள் வீடு போலீஸ் வீடு. தாத்தா ஏட்டு. அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பாக்கள் இரண்டு பேரும் போலீஸ், அண்ணனும் போலீஸ், அத்தையைக் கட்டிய மாமாவும் போலீஸ். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் படித்தால் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போல இருக்கும். வன்னியம்பட்டியிலிருந்து சோழபுரம் வரை எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர் கிடையாது. எங்கள் தெருவில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் நிலாவைக் காட்ட மாட்டார்கள், வாசலில் நிற்கிற அப்பாவின் வண்டியைக் காட்டுவார்கள். குழந்தை வாயைத் திறந்துவிடும்.

இவர்கள் யாரையும் அடித்து உதைத்து நான் பார்த்ததில்லை. பார்வை ஒன்றே போதும். அப்பா மீசையை ஒதுக்கிவிட்டு ஒருவரை ஏற இறங்கப் பார்த்தால், அந்த ஆள் தான் செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டு விடுவார்.

இப்படிப்பட்ட வீட்டில் பாடுகிற பெண்ணாகப் பிறந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். ஒரு வருஷம் சளிப் பிடித்து, இரண்டாவது சரணத்தை மறந்து, நடுவில் தும்மினேன். அதற்கும் முதல் பரிசு. நடுவராக வந்தவர் பரிசை என் கையில் கொடுத்தார், வணக்கத்தை எனக்குப் பின்னால் நின்ற அப்பாவுக்குப் போட்டார். வீட்டுக்கு வந்து, "நான் நெசமாவே நல்லாப் பாடுதேனா?" என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "எவன் நல்லா இல்லன்னு சொன்னான்? பேரச் சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்தது. நான் நன்றாகப் பாடுகிறேனா என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் எனக்கு வழியே இல்லை.

மதுரைக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் வழி பிறந்தது. அங்கே என் அப்பாவை யாருக்கும் தெரியாது. கல்லூரி விழாவில் முதல் பாட்டைப் பாடி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. யார் அடித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கைக்குத் தங்கத்தில் காப்பு போடலாம். விடுதிக்கு ஓடிப்போய் போர்வைக்குள் படுத்துச் சிரித்தேன். பாட்டுத்தான் இனி என் தொழில் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "பாடு. ஆனா மேடையில ஆடாம அசையாம நிமிந்து நின்னு பாடு" என்றார். பாப் பாட்டுக்காரி அட்டென்ஷனில் நின்று பாடினால் எப்படி இருக்கும் என்று அவரிடம் விளக்க முடியுமா? சரிப்பா என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினேன்.

சென்னையில் நானே மெட்டுப் போட்டு, வாடகை வீட்டு மொட்டை மாடியில் ஆடிப் பாடி இணையத்தில் ஏற்றிய பாட்டு ஓடோ ஓடு என்று ஓடியது. டீக்கடையில், மினி பஸ்ஸில், ஆட்டோவில் என் குரல்தான். பின்னாலேயே சினிமா வாய்ப்பு வந்தது. கதாநாயகியின் தோழி வேடம். கல்லூரி வாசலில் புத்தகத்தோடு நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது டேக்கில் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலேஜ் பொண்ணு மாதிரி நடந்து வாம்மான்னா, கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி வர்றியே" என்றார். மறுநாள் தோழி வேடம் வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. எனக்குப் பெண் இன்ஸ்பெக்டர் வேடம் புதிதாக எழுதினார்கள். அதற்குப் பிறகு சீரியலோ சினிமாவோ, எங்கே போனாலும் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எந்தச் சட்டையிலிருந்து தப்பித்து ஓடினேனோ அதையே போட்டுக்கொண்டு சம்பாதிக்கிறேன். தலையெழுத்து.

முதல் படத்தை ராஜபாளையத்தில் குடும்பத்தோடு பார்த்தோம். எங்கள் வரிசைக்கு முன் வரிசையும் பின் வரிசையும் காலியாகவே இருந்தன. வெளியே வந்ததும் பெரிய சித்தப்பா, "தொப்பி கோணலா இருந்துச்சு" என்றார். சின்னச் சித்தப்பா, "எஃப்.ஐ.ஆர். போடாம எப்படி அவன அரெஸ்ட் பண்ணே?" என்று கேட்டார். அப்பா வீடு வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றும்போது, "பெல்ட் லூஸு" என்றார். அம்மா மட்டும் உண்மையைச் சொன்னாள். "நடுவுல செத்த நேரம் தூங்கிட்டேன்ட்டி. முழிச்சுப் பாத்தா நீ செத்துக் கெடக்கே." எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகாராஜபுரத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகிப் போலீஸ் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சத்தம் போட்டுப் பேசியவள் இல்லை. திருவிழா, தேரோட்டம், தேர்தல் என்று எது வந்தாலும் வீட்டு ஆண்களுக்குப் பந்தோபஸ்து டியூட்டி வரும். அம்மாவுக்கு அடுப்படி டியூட்டி. அத்தனை பேருக்கும் கேரியர் கட்டி அனுப்பவே பொழுது சரியாக இருக்கும். அதனால் என் கச்சேரி எதற்கும் அவள் வந்ததில்லை. அவளுடைய தம்பி, என் தாய்மாமா, விசேஷ வீடுகளில் அவளைச் சீண்டுவார். "எங்க அக்கா ஒரு சத்தம் குடுத்தாப் போதும், எங்க ஊருச் சோளக்காட்டுக் கிளி அம்புட்டும் மலையத் தாண்டி மலையாளத்துக்குப் போயிரும்." அம்மா உடனே அப்பாவைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, "சும்மா இருலே" என்பாள். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இனி என் சொந்த ஊர்க் கச்சேரிகளுக்கு வருகிறேன். முதல் கச்சேரி ராஜபாளையத்தில், ஒரு கோவில் விழாவில். பந்தோபஸ்துக்குப் பெரிய சித்தப்பா பொறுப்பு. அண்ணன் மகள் பாடுகிறாள் என்று தனி அக்கறை எடுத்துக்கொண்டார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. கூட்டம் ஹால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பரீட்சை எழுத வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. மொட்டை மாடிப் பாட்டை எடுத்தேன். நடக்கத் தெரியாத குழந்தையும் குதிக்கிற பாட்டு அது. ஒருவரும் அசையவில்லை. முன்னால் இருந்த ஒரு இளைஞன் பாவம், தன்னை மறந்து இரண்டு விரலை வாய்க்குக் கொண்டு போனான். பக்கத்தில் இருந்தவர் பட்டென்று தட்டிவிட்டார். "ஏலே, அவிய யாருன்னு தெரியுமா?" பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே சீராகத் தட்டி, ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிற நண்பர் ஒரு யோசனை சொன்னார். ஊர்க்காரர்களுக்கு ஆசை இருக்கிறது, பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் பிரச்சினை. மதுரையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து ஆரம்பித்து வைத்தால் மற்றவர்களும் தொடர்ந்து அடிப்பார்கள். நியாயமாகத்தான் பட்டது. நாலு பேரும் வந்தார்கள். மண்டப வாசலில் நின்று விரலை வாயில் வைத்து லேசாகப் பழகிப் பார்த்திருக்கிறார்கள். சின்னச் சித்தப்பா கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தார், டியூட்டியில் இல்லை. ஆனாலும் கண் சும்மா இருக்குமா? நான் மேடையில் பாடப் பாட வாசலையே பார்க்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்து இறங்கியதும் சித்தப்பா பெருமையாக வந்தார். "வெளியூர் ஆளுக நாலு பேரு, மொகமே சரியில்ல. ஒருத்தனுக்கு ஒருத்தன் விசில்ல சிக்னல் குடுக்கான். கேட்டா, பாட்டுக் கேக்க வந்தோம்ங்கான். டீ வாங்கிக் குடுத்து பஸ்ஸ்டாண்டுல மதுரை வண்டி ஏத்தி விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுனீங்க சித்தப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டேன். "நீங்க யாரும் என் கச்சேரிப் பக்கமே வரக்கூடாது" என்று கத்தினேன். அப்பாவுக்குப் புரியவில்லை. "நாங்க இல்லாட்டா கூட்டத்துல எவனாவது விசிலடிப்பாம்மா" என்றார். "அடிக்கட்டும்! அதுக்குத்தான பாடுதேன்!" என்று சொல்லிவிட்டு அழுதேன். அறிவு கெட்டவள்போல, இத்தனை வயதுக்கு மேல், விசிலுக்காக அழுதேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

போன சித்திரையில் ராஜபாளையத்துத் திருவிழாவுக்கு மறுபடியும் அழைத்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் தெலுங்கு பேசுகிற குடும்பத்தைச் சேர்ந்தவர். போன தடவை, "பாட்டு பிரமாதம், சாலா பாகுந்தி" என்று இரண்டு மொழியிலும் பாராட்டியவர். இரண்டையும் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். இந்தத் தடவை அவருக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் வீட்டார் யாருக்கும் அன்றைக்கு அங்கே டியூட்டி இருக்கக்கூடாது, காக்கிச் சட்டையோடு ஒருவரும் வரக்கூடாது. அவர் தயங்கித் தயங்கி எங்கள் வீட்டில் சொல்ல, எல்லாரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேடையேறிப் பார்த்தால் எங்கள் குடும்பம் மஃப்டியில் வந்திருக்கிறது. பந்தல் காலுக்கு ஒருவராக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை அகட்டி நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஒட்ட வெட்டிய தலை. எல்லாரும் வெள்ளைச் சட்டை. எல்லார் காலிலும் அதே பிரவுன் ஷூ. தங்களை ஒருவருக்கும் அடையாளம் தெரியாது என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். பெரிய சித்தப்பா என்னைப் பார்த்து, கவலைப்படாதே, நாங்கள் வந்ததே தெரியாது என்பதுபோல் லேசாகத் தலையாட்டினார். ஊர் மொத்தமும் அவரைப் பார்த்து எழுந்து வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தது.

ஒரே ஒரு மாற்றம் இருந்தது. டியூட்டி இல்லை என்பதால் கேரியரும் இல்லை. கேரியர் இல்லாததால் அம்மாவுக்கு வேலை இல்லை. முதல் முறையாக, பட்டுப்புடவை கட்டி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, முன் வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாட்டுக்குச் சீரான கைத்தட்டல். இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவது பாட்டின் நடுவில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இசையை நிறுத்தச் சொல்லி, மைக்கில் கத்தினேன். "பிடிக்கலேன்னா எந்திரிச்சுப் போயிருங்க!"

எழுந்தார்கள். சத்தியமாக எழுந்தார்கள். போலீஸ் வீட்டுப் பெண் போகச் சொல்கிறாள், போகாமல் இருக்க முடியுமா? பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். "ஐயோ, உக்காருங்க!" என்றேன். அத்தனை பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்தார்கள். கீபோர்டு நண்பர் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

போதும் இந்த ஊர் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு பாட்டைப் பாடிவிட்டு இனி இங்கே மைக்கையே தொடக்கூடாது. இன்னும் வெளியிடாத பாட்டு ஒன்று வைத்திருந்தேன். மினி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடுகிற ஒரு பெண்ணைப் பற்றியது. நானேதான் அந்தப் பெண். குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றி எறிந்தேன். யார் பார்க்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. எனக்கிருந்த கோபத்தையெல்லாம் கொட்டிப் பாடினேன். அந்தப் பாட்டில் ஒரு இடத்தில் தாளம் சட்டென்று நின்று, குரல் மட்டும் தனியாக மேலே போய்த் திரும்பும். அங்கே போய்த் திரும்பினேன்.

அப்போது கேட்டது. சாதாரண விசில் இல்லை. அடியிலிருந்து கிளம்பி, சுழன்று மேலேறி, உச்சியில் வெட்டுப்பட்டு நின்ற விசில். டிரம்ஸ்காரர் தாளத்தை விட்டுவிட்டார்.

அப்பா துள்ளி எழுந்து பின்னால் திரும்பினார். "எவம்லே அவன்?"

பின் வரிசை ஆண்கள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்கள். "நான் இல்லய்யா, நான் இல்லய்யா" என்று வரிசை வரிசையாகச் சத்தம் போனது. ஒருவர் பேச முடியாமல் வாயைத் திறந்து உள்ளே இருந்த வடையைக் காட்டினார். சித்தப்பாக்கள் பந்தல் கால்களை விட்டு நாலாபக்கமும் பாய்ந்தார்கள். அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். அந்தப் பார்வைக்கு முன்னால் அந்த ஊரில் இதுவரை எந்த உண்மையும் ஒளிந்து நின்றதில்லை.

இரண்டாவது விசில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார். அம்மா இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்திருந்தாள். வளையல்கள் முழங்கை வரை இறங்கியிருந்தன. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோளக்காட்டுக் கிளி ஏன் மலையாளத்துக்குப் போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏட்டி, என்ன பண்ணுதே?" என்று அப்பா கேட்டாராம். "சீட்டி அடிக்கேன். நீங்க உக்காருங்க, புள்ளய மறைக்கிய" என்றாளாம். அப்பா மெல்ல உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பந்தலே அதிர்ந்தது. எத்தனை வருஷமாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்த விசிலோ தெரியவில்லை, முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பந்தலுக்கு வெளியே இருந்த பஞ்சு மில் சுவரின் மேலிருந்து வந்துகொண்டே இருந்தது. அன்றும் நடுவில் கட்டியிருந்த கயிறு அறுந்தது. கமிட்டித் தலைவர் துண்டைச் சுற்றி ஆடினார். சின்னச் சித்தப்பா ஒரு பந்தல் காலருகே போய் நின்றுகொண்டு, "மதினியே அடிச்ச பொறவு நான் யாரப் பிடிக்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறார். நான் கடைசிச் சரணத்தைப் பாடவே இல்லை. கண்ணில் போட்ட மை கன்னம் வரை இறங்கி, மேடையில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அதுவரை கேட்டிராத அந்தச் சரணத்தைக் கூட்டமே தன் இஷ்டத்துக்கு வார்த்தை போட்டுப் பாடி முடித்தது.

மறுநாள் காலையில் எழுந்து வீட்டுப் பின்பக்கம் போனேன். அப்பா மலையைப் பார்த்து நின்றுகொண்டு, வாயில் இரண்டு விரலை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்ததும் விரலை எடுத்து மீசையைத் துடைத்தார். "கடவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுதும்மா" என்றார்.

அடுப்படியில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தேன். செல்லமாகக் கோபித்துக்கொண்டேன். "ஏம்மா, மொதப் பாட்டுக்கே அடிச்சிருக்கலாம்ல? எம்புட்டுத் தவிச்சேன் தெரியுமா?"

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "மொதப் பாட்டு எங்கட்டி நல்லா இருந்துச்சு? ரெண்டாவது ஒரே இழுவ. மூணாவதுல கத்துனே. கடைசிப் பாட்டுத்தான் பாட்டு. நல்லா இருந்தாத்தான அடிக்க முடியும்?"

இந்த ஊரில் என் பாட்டு நன்றாக இல்லை என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படியென்றால் அந்த விசில் நிஜம். பிய்த்த தோசையைத் தட்டில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"வேற என்னல்லாம் நல்லா இல்லம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நான் நாலாவது தோசையைச் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.